மைக்காசு

1

இந்தக் கதை எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் துருவ வேண்டாம். ஒரு விசாரணை அறையில் என்னை நிற்கவைத்து ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். அந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றுகொண்டிருக்கிறது. அதனால்தான் இத்தனை பக்கம்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். முப்பத்தொரு வருடம் ஒரு கடன் நிறுவனத்துக்குத் தெருத் தெருவாகப் போய்த் தவணை வசூலித்தேன். அந்தக் காலம் முழுக்க நான் எழுதியது தேதி, தொகை, கையெழுத்து, அவ்வளவுதான். வேலையை விட்ட பிறகு நான்கு கதை எழுதினேன், இரண்டு அச்சில் வந்தன. என் எழுத்தில் நேர்மை இருப்பதாக ஒருவர் கடிதம் போட்டிருந்தார். அவர் என்னிடம் தவணை கட்டியவர் இல்லை.

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“அன்று அந்தத் தெருவில் மழை தூறிக்கொண்டிருந்தது.” [அடித்துவிட்டேன். தூறவில்லை. நல்ல வெயில். மழையைப் போட்டால் படிப்பவர் பாதி அழுதுவிடுவார், மீதியை நான் எழுதாமலே தப்பிக்கலாம் என்று பார்த்தேன்.]

“வறுமை என்பது ஒரு—” [முடிக்க வரவில்லை. விட்டுவிட்டேன்.]

“ஜிப்பக்காவின் அட்டைகளில் என் கையெழுத்து எழுநூற்றுச் சொச்சம் இடங்களில் இருக்கிறது.” [இது உண்மை. இது இருக்கட்டும்.]

2

ஜிப்பக்கா என்பது தெரு வைத்த பெயர். பை, பெட்டி, மழைக்கோட்டு எதில் ஜிப் போனாலும் அவளிடம்தான் கொண்டுவருவார்கள். ஒரு மருந்துக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறை. வாசலில் கயிறு கட்டி, வேலை முடிந்த பைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பாள். உள்ளே ஒரு கனமான தையல் மெஷின், தோல்கூடத் தைக்கும். அதன் சத்தம் மருந்துக் கடைக்காரர் சில்லறை எண்ணும்போது அவர் கணக்கைத் தப்பவைக்கும் என்று அவர் புலம்பிக்கொண்டே இருப்பார். புருஷன் லாரியில் போனவர். போன இடத்திலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி அவள் ஒரே தடவைதான் பேசினாள்: “அந்த ஜிப்பு போச்சுண்ணே. பல்லு ஒண்ணுமே சேரல.”

[இந்த இடத்தில் அவளை நல்லவளாகக் காட்ட வேண்டும் என்று கை பரபரக்கிறது. எனக்கு அதில் சந்தேகம். நல்லவளா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அவள் எந்தக் கிழமை கட்டுவாள், எந்தக் கிழமை கட்ட மாட்டாள் என்பதுதான். திங்கள் கட்டுவாள். பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் தினமும் கட்டுவாள். விடுமுறையில் பை கிழிவதில்லை. அப்போது கட்ட மாட்டாள்.]

அந்த மெஷினை வாங்கத்தான் எங்கள் நிறுவனத்தில் கடன் எடுத்தாள். மெஷினே ஈடு. ஒரு நாள் தவணை இருநூறு. ஒரு நீள அட்டை, அதில் கட்டம் கட்டமாக இருக்கும். பணம் வாங்கினால் கட்டத்தில் என் கையெழுத்து விழும், வாங்காவிட்டால் காலியாக இருக்கும். தொடர்ந்து மூன்று கட்டம் காலியாக இருந்தால் நிறுவனம் ஈடு வைத்த பொருளைத் தூக்கிக்கொண்டு போகலாம். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அதை அச்சடித்திருந்தார்கள். அதைப் படித்த ஆளை நான் முப்பத்தொரு வருடத்தில் பார்த்ததில்லை. நானும் வேலைக்குச் சேர்ந்து நான்காவது வருடம்தான் படித்தேன்.

3

இப்போது சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். கதை கேட்க வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் நான்காவது பகுதிக்குப் போங்கள். ஆனால் அங்கே நான் செய்த காரியம் எவ்வளவு கெட்டது என்று உங்களுக்குப் புரியாது. அது எனக்கு லாபம்தான்.

அரசாங்கம் ஒரு உத்தரவு போட்டது. நூற்றுக்கு ஆண்டுக்குப் பதினெட்டுக்கு மேல் யாரும் வட்டி வாங்கக் கூடாது. முதலாளி அன்று காலை எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, பத்திரிகையை மடித்து மேசைமேல் வைத்து, இனிமேல் நாம் சட்டப்படிதான் நடப்போம் என்றார். பத்து நாளில் புது அட்டைகள் வந்தன. வட்டி என்ற இடத்தில் பதினெட்டு என்று தடித்த எழுத்து. பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம்: வருகைக் கட்டணம். அதாவது நான் படியேறிப் போவதற்கு, கடன் வாங்கியவர் காசு தர வேண்டும். அதே தெரு, அதே கால், அதே செருப்பு. ஒரே ராத்திரியில் என் நடைக்கு விலை வந்துவிட்டது. அதில் எனக்கு ஒரு பைசா வரவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சட்டம் வருடக் கணக்கில் பேசுகிறது. நான் வசூல் செய்த தெருக்களில் ஒருவருக்கும் வருடக் கணக்கில் பசித்ததில்லை. இருநூறு என்றால் இருநூறு, இன்றைக்கு இருக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். நூற்றுக்கு எத்தனை என்று கேட்டால், “எந்த நூறுண்ணே?” என்பார்கள். இதை நான் சிரிப்புக்காக எழுதவில்லை. கடன் கொடுக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய சொத்து கிடையாது.

பிறகு இன்னொரு உத்தரவு வந்தது. கட்டணம் என்ற பெயரில் வாங்கினாலும் அது வட்டிதான், அதிகம் வாங்கியதை அசலில் கழிக்க வேண்டும் என்று. அது வருவதற்கு ஆறு வருடம் ஆனது. அதற்குள் ஜிப்பக்கா கடனை இரண்டு தடவை புதுப்பித்திருந்தாள். புதுப்பிப்பது என்றால், பழைய கடன் முடிவதற்குள் அதன் தலையில் புதுக் கடனைக் கட்டுவது.

4

மூன்றாவது கட்டத்துக்கு வருகிறேன்.

விடுமுறை மாதத்தில் ஒருநாள். இரண்டு கட்டம் ஏற்கெனவே காலி. அவள் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள், நாற்பதோ ஐம்பதோ இருந்தது. நான் என் சட்டைப் பையிலிருந்து இருநூறை எடுத்து நிறுவனப் பையில் போட்டுவிட்டு, கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

[“அவள் கண்கள் கலங்கின” என்று எழுதி அடித்தேன். கலங்கவில்லை. மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.]

ஒரு வாரத்தில் அந்த இருநூறைத் திருப்பித் தந்தாள். கூடவே ஒரு பத்து. எதற்கு என்றேன். “உங்க பேனாவுக்கு மை ஊத்த வேணாமா? சும்மாவா எழுதுது?” என்றாள். நான் வாங்கிக்கொண்டேன். அவளாகத்தான் தந்தாள், நான் கேட்கவில்லை. முதல் தடவை கேட்கவில்லை என்று எழுதினால் இன்னும் சரியாக இருக்கும்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது.* மூன்றாவது கட்டம் வரும்போதெல்லாம் என் பையிலிருந்து இருநூறு. வாரத்துக்குள் திரும்பி வருவது இருநூற்றுப் பத்து. அந்தப் பத்துக்கு எங்களுக்குள் மைக்காசு என்று பெயர். ஒரு தடவை அவள் இருநூறை மட்டும் நீட்டினாள். நான் பேனா மூடியைத் திறந்து, மூடி, திறந்து, நின்றுகொண்டிருந்தேன். சிரித்தபடியேதான் நின்றேன். அவள் பத்தைத் தேடி எடுத்துத் தந்தாள், அவளும் சிரித்தாள்.

*எங்கள் நிறுவனத்தில் வசூலுக்குப் போன ஒன்பது பேரும் இதைச் செய்தோம். ஒருவர் அதற்கு வெற்றுக்காசு என்று பெயர் வைத்திருந்தார், இன்னொருவர் பெயரே வைக்கவில்லை. முதலாளிக்குத் தெரியும். பணம் வந்து சேர்ந்ததால் அவர் கண்டுகொள்ளவில்லை.**

**ஒன்பது பேரும் செய்தார்கள் என்பதை எதற்கு எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். அடித்துவிடலாம். ஆனால் அடிக்காமல் விட்டால் நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரியும்.

5

[இது வரைக்கும் என் மகள் தட்டச்சு செய்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து, என் கையெழுத்தைத் திட்டிக்கொண்டே அடித்துத் தருவாள். நான்காவது பகுதி முடிந்ததும் கையை எடுத்துவிட்டாள்.]

அவள் கேட்டது: “இது கதையாப்பா?”

கதைதான் என்றேன்.

“கதைன்னா சரி. இல்லன்னா, அந்தப் பத்து ரூ—” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பிறகு, “மொத்தம் எத்தனை தடவை இருக்கும்?” என்றாள்.

நூற்றைம்பது இருக்கலாம் என்றேன்.

“அந்த மைக்காசுல என்ன வாங்கினீங்க?”

என்ன வாங்கினேன் என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. செலவாகிவிட்டது என்றேன். அவள் விரலால் விசைப்பலகை மேலிருந்த தூசியைத் துடைத்தாள். அந்த வருடங்களில்தான் அவள் கல்லூரிக்குப் பேருந்தில் போய்வந்தாள். அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, மீதியை நீங்களே எழுதுங்கப்பா, எனக்குக் கை ஓடல என்றாள்.

இங்கிருந்து என் கையெழுத்து. அச்சுக் கோப்பவர் மன்னிக்கவும்.

6

நான் வேலையை விட்டதும் அந்தத் தெருவுக்குப் புது ஆள் போனான். அவன் பையிலிருந்து யாருக்கும் எடுத்துப் போடவில்லை. அவன் செய்ததுதான் சரி. மூன்று கட்டம் காலியானது, ஜிப்பக்காவுக்கு நோட்டீஸ் வந்தது. மெஷினை எடுக்கப் போகிறார்கள்.

அப்போது அவள் கடன் ஆலோசனை மையத்துக்குப் போனாள். அரசாங்கம் நடத்துவது, காசு வாங்க மாட்டார்கள். காசு வாங்காத இடத்தை நான் நம்புவதில்லை, அவளிடமும் அதைச் சொன்னேன். கேட்காமல் போனாள். முதல் மாடியில் ஓர் அறை. காத்திருக்க ஆறு நாற்காலி, அதில் ஒன்றுக்குக் கால் ஆடும், அதில் யாரும் உட்கார மாட்டார்கள். சுவரில் ஒரு படம்: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், எல்லோருக்கும் பல் தெரிகிறது. கடன் தீர்ந்த குடும்பமாம்.

ஆலோசகர் என் மகள் வயதுப் பெண். வருகிறவர்களின் பையில் உள்ள காகிதம் எல்லாவற்றையும் மேசைமேல் கொட்டச் சொல்வார். கசங்கியதை நீவி, தேதிப்படி அடுக்கி, பிறகுதான் பேச ஆரம்பிப்பார். ஜிப்பக்காவின் அட்டைகளை அடுக்கிக் கணக்குப் போட்டதில், வருகைக் கட்டணமும் கடனைப் புதுப்பித்ததற்கான கூலியும் எல்லாம் சேர்த்து நூற்றுக்கு எழுபத்து நான்கு வந்தது. சட்டப்படி பதினெட்டுதான். அதிகம் கட்டியதைக் கழித்தால் அவள் கடன் எப்போதோ தீர்ந்துவிட்டது.

ஆனால் ஒரு படிவம் உண்டு. யார் யாருக்குத் தர வேண்டும் என்று ஒருவர் விடாமல் எழுத வேண்டும். நிறுவனம், ஒரு துணிக் கடை, அவள் தம்பி, மூன்று பேரை எழுதினாள். கடைசியில் அச்சடித்த ஒரு வரி: இவர்களைத் தவிர வேறு எவருக்கும் நான் எதுவும் தர வேண்டியதில்லை. அதன் கீழே கையெழுத்து.

அன்றைக்கு அவள் எனக்குப் பதினோரு தடவைக்கான பணம் தர வேண்டியிருந்தது. நான் வேலையை விடும் முன் கடைசியாகப் போட்டவை, வாரம் தவறித் திரும்பாமல் நின்றவை.

ஏன் என்னை எழுதவில்லை என்று பிறகு கேட்டேன். இதற்கு அவள் சொன்ன பதிலை நான் மாற்றாமல் எழுதுகிறேன். “உங்கள எப்படிண்ணே அதுல எழுதுறது? அது கடன்காரங்க லிஸ்ட்டு.”

7

மையம் இதை விசாரணைக்கு அனுப்பியது. அட்டையில் உள்ள கையெழுத்து என்னுடையதுதானா என்று சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் முதலாளி என் வீட்டுக்கு வந்தார். முப்பத்தொரு வருடத்தில் வராதவர். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு, மின்விசிறியின் கீழ் நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்கார்ந்தார். பொய் சொல்லச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“உங்கள ஒண்ணும் இல்லாதத சொல்லச் சொல்லல. உண்மைய மட்டும் சொல்லுங்க, போதும்,” என்றார். “அந்தம்மா கையில காசு இல்லாத நாள்ல யாரு கட்டினதுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.”

அவர் கணக்கு எனக்குப் புரிந்தது. நான் உண்மையைச் சொன்னால் அவள் ஒரு கடனை மறைத்தவள் ஆகிவிடுவாள். படிவம் பொய்யாகிவிடும், மனு தள்ளுபடி, மெஷின் அவருக்கு. உண்மையை இப்படிக் கையில் பிடித்து உபயோகிக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

போகும்போது வாசலில் நின்று, “நீங்க வாங்கின வட்டிய நான் எதுவும் கேக்கல பாருங்க,” என்றார்.

விசாரணைக்கு முன் நான் ஆலோசகரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். யாரோ ஒருவர், யாரோ ஒருவருக்கு, இருநூறு கொடுத்து வாரத்தில் இருநூற்றுப் பத்து வாங்கினால், உங்கள் கணக்கில் அது எத்தனை மேடம்? அவர் கால்குலேட்டரைக்கூடத் தொடவில்லை. “வாரத்துக்கு அஞ்சு. வருஷத்துக்கு இருநூத்தி அறுபது,” என்றார். “யாருங்கய்யா அப்படி வாங்குறது?”

தெரிந்த ஒருவர் என்றேன்.

சட்டம் பதினெட்டு. முதலாளி எழுபத்து நான்கு. நான் இருநூற்று அறுபது.

விசாரணை அறையில் நடந்ததை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதம்: நிறுவனத்தின் வக்கீல் கேட்கிறார், இந்தக் கையெழுத்து ஒவ்வொன்றுக்கும் பணம் அந்த அம்மா கையிலிருந்துதான் வந்ததா? கிழவன் நிமிர்ந்து, இல்லை, நான்தான் கட்டினேன், நானும் வட்டி வாங்கியவன்தான் என்கிறான். அறை நிசப்தமாகிறது. [கிழவனுக்குப் பெருமை, அவளுக்கு நஷ்டம். அடித்துவிட்டேன்.]

இரண்டாம் விதம்: கிழவனுக்கு நெஞ்சு வலிக்கிறது. [இது முடிவு தெரியாத கதைக்காரன் செய்கிற வேலை.]

மூன்றாம் விதம்: வக்கீல் அதே கேள்வியைக் கேட்கிறார். கிழவன், “ஆமா,” என்கிறான். எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த மனு.

நடந்தது மூன்றாவது. பொய் சொன்னேன். அவளுக்காகச் சொன்னேன் என்று நாலைந்து மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பொய்யில் என் வட்டியும் மறைந்துவிட்டது. எந்தப் பங்கு அவளுக்கு, எந்தப் பங்கு எனக்கு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

உத்தரவு அவள் பக்கம் வந்தது. மெஷின் அவளுக்கு. துணிக் கடைக்கும் தம்பிக்கும் மூன்று வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட வேண்டும். அந்த மூன்று வருடமும் புதுக் கடன் வாங்கக் கூடாது. மறைத்த கடன் ஏதாவது தெரியவந்தால் உத்தரவு ரத்து, நிறுவனம் மெஷினை எடுத்துக்கொள்ளலாம்.

8

மூன்று வாரம் கழித்து, சாயங்காலம், ஜிப்பக்கா என் வீட்டுக்கு வந்தாள். ஒரு உறையை மேசைமேல் வைத்தாள். பதினோரு இருநூற்றுப் பத்து. இரண்டாயிரத்து முன்னூற்றுப் பத்து.

நான் என்ன என்று கேட்பதற்குள் அவளே பேசினாள். “வேற யாருக்கும் தர வேண்டியதில்லன்னு எழுதிக் குடுத்துட்டேன். அது பொய்யா கிடக்குது. இப்ப நிஜமாயிடும்.”

வசூலுக்குப் போகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டோம். கேட்டால் சில நாள் வாங்க மனசு வராது. நான் கேட்கவில்லை. உறையைப் பிரித்துப் பார்த்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணினேன். பதினோரு பத்தும் இருந்தன. அவள் மைக்காசை மறக்கவில்லை, நானும் பத்தை எடுத்து அவளிடம் நீட்டவில்லை.

[இந்தப் பத்தியை ஒன்பது தடவை எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கிழவன் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறான். ஒவ்வொரு தடவையும் அடிக்க வேண்டியிருக்கிறது.]

9

மகள் ஒரு ஞாயிறு வந்து, நான் எழுதியிருந்த எட்டாம் பகுதி வரை படித்தாள். தட்டச்சு செய்யவில்லை, படித்தாள். உறை எங்கே என்றாள். எடுத்துக் காட்டினேன். செலவு செய்யாமல்தான் வைத்திருந்தேன்.

“போய்க் குடுத்துட்டு வாங்க,” என்றாள்.

மறுநாள் போனேன். காலை பதினோரு மணி இருக்கும். கயிற்றில் பைகள் குறைவாக இருந்தன. ஜிப்பக்கா மெலிந்திருந்தாள். உறையை நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள், தொடவில்லை.

“இத வாங்கினா உங்ககிட்ட கடன் வாங்கின மாதிரி ஆயிடும்ணே. மூணு வருஷம் வாங்க மாட்டேன்னு எழுதியிருக்கேன்ல.”

இது கடன் இல்லை, உன் பணம்தான் என்றேன். எந்தக் கணக்கில் என்று கேட்டாள். எனக்கு நீ தந்த பாக்கி என்று சொன்னால் அவள் படிவம் பொய்யாகும். சொல்லாவிட்டால் இது கடன். நான் உறையைப் பிடித்தபடி நின்றேன்.

அப்போது மெஷின் பலகைமேல் இருந்த அவள் கைபேசி அதிர்ந்தது. கவிழ்த்துவைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி. அவள் ஊசியில் நூல் கோத்தாள், தப்பியது. மறுபடி அதிர்ந்தது. கதவைத் தட்டிவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்து மறுபடி தட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். முப்பத்தொரு வருடம் தட்டியவன். அந்தக் கைபேசி அதே இடைவெளியில் அதிர்ந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டேன். “அன்னிக்கு எனக்குக் குடுத்த காசு எங்கேந்தும்மா வந்துச்சு?”

அவள் கைபேசியைப் பார்த்தாள். “ஒரு நிமிஷத்துல போன்லயே குடுத்தாங்கண்ணே. யாரும் வீட்டுக்கு வரல, கையெழுத்துக்கூட கேக்கல.”

“இப்ப எவ்வளவு நிக்குது?”

“ஏழு,” என்றாள்.

ஏழாயிரமா, ஏழு இடமா என்று நான் கேட்கவில்லை. அவள் மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு வட்டியோடு தீர்ப்பதற்காக வாங்கியது. அவளுக்கு அந்தக் கடனை உண்டாக்கியவன் நான் என்று எழுதினால் மிகை. உண்டாக்கவில்லை என்று எழுதினால் பொய். நடுவில் ஒரு வாக்கியம் இருக்க வேண்டும், எனக்கு அது—

10

நேற்று மையத்துக்குப் போனேன். ஆடும் நாற்காலிதான் காலியாக இருந்தது. ஆலோசகர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தெரிந்த ஒருவர், படிவத்தில் விட்டுப்போன ஒரு கடன், இப்போது போனில் வாங்கிய கடன் என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

“பேரச் சொல்லாதீங்கய்யா. நீங்க சொன்னா நான் எழுதியாகணும். எழுதினா அது புகாராயிடும், விசாரணைதான், உத்தரவு போயிடும்.”

அப்படியென்றால் வழியே இல்லையா என்றேன்.

“அவங்களே வந்து, இத எழுதாம விட்டுட்டேன்னு சொன்னா, திருத்தம்னு ஒண்ணு இருக்கு. மெஷின் நிக்கும்னு நான் வாக்கு குடுக்க முடியாது. ஆனா போன் கடனுக்கும் அதே பதினெட்டுதான் சட்டம், அத அடக்க முடியும். அவங்க வாயால வரணும். இப்படியே விட்டா இன்னும் ஆறு மாசத்துல மெஷின அவங்களே வித்துருவாங்க.”

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. தினமும் சொல்கிறவர் போலச் சொன்னார். நான் இந்தப் பெண்ணையும் நம்பவில்லை என்று எழுத நினைத்திருந்தேன். அந்த வரியை எழுதாமல் விடுகிறேன்.

அவளிடம் நேரில் போய்ச் சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன். என்னை மாட்டிவிடும் காரியம் எதையும் தான் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த பையை எடுத்துவிட்டாள். அவள் என்னை இன்னும் அந்தப் பட்டியலுக்கு வெளியேதான் வைத்திருக்கிறாள். முதல் தடவை இருநூறு எடுத்துப் போட்ட ஆளாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். வருடத்துக்கு இருநூற்று அறுபது வாங்கிய ஆள் என்று அவளுக்கு யாரும் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. அதைத்தான் இத்தனை பக்கத்தில் போட்டிருக்கிறேன்.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை வாசகரிடம் விட்டுவிடுவார்கள் என்று மகள் சொன்னாள். எனக்கு உங்களைத் தெரியாது, தெரியாதவர்களிடம் நான் எதையும் விடுவதில்லை. ஒரே ஒரு வாசகரிடம் விடுகிறேன். இந்தக் காகிதங்களை நாளைக் காலை அவள் மெஷின் பலகைமேல் வைத்துவிட்டு வரப் போகிறேன். அவள் சரி என்றால்தான் அச்சுக்குப் போகும். நீங்கள் இதை அச்சில் படித்துக்கொண்டிருந்தால், அவள் சரி சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். அல்லது நான் நம்பத் தகாதவன் என்று அர்த்தம். எது என்று கண்டுபிடிக்க உங்களுக்கு வழியில்லை. நீங்கள் இத்துடன் எழுந்து போகலாம்.

தங்கச்சி, உனக்கு:

மேலே இருக்கிற கணக்கை இரண்டு தடவை படி. மூன்றாவது பகுதியை விடாமல் படி. மெஷின் போனாலும் போகலாம், போகாது என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. உறை என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. கைபேசியை அணைத்துவைக்காதே, வந்ததை எல்லாம் அப்படியே கொண்டுவா, அந்தப் பெண் அடுக்கிக்கொள்வார். புதுப் படிவம் தருவார்கள். முதல் வரியில் என்னை எழுது. பக்கத்தில் எத்தனை சதவீதம் என்று கேட்டால், கூசாமல் சொல்லு.

செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்காது. பத்து மணிக்கு, மையத்துக்குக் கீழே படிக்கட்டுப் பக்கம் நிற்பேன். நாலு மணி வரைக்கும் நிற்பேன்.